நல்ல பிரதி எது? - பழைய ஆட்ட இசையும் அதன் படிகளும் குறித்து ஒரு நோக்கு

பழந்தமிழ் நூலொன்றைப் பற்றிப் பேசப் புகுமுன், அந்நூலின் எந்தப் பதிப்பைக் கையாள்கிறோம் என்று சொல்லிவிடுவது தமிழ் பயில்வோரின் ஒழுக்கம். 1887 ஆம் ஆண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். ஏடு தேடி அவர்கள் அலைந்த அலைச்சலைப் போலவே, கிடைத்த ஏடுகளுள் எதனை நம்புவது என அவர்கள் கொண்ட தீர்ப்பும் போற்றற்குரியது என விரிவுரைகளிற் கேட்டிருக்கிறோம். ஆயின், ஒரு பாட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் இவ்வொழுக்கம் நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. எந்த ஒலிப்பதிவைக் கேட்டோம், அது இசைத்தட்டிலிருந்து வந்ததா ஒலிநாடாவிலிருந்து வந்ததா, இடையிலே யார் கை பட்டது என்னும் வினாக்கள் நம் இசைத் திறனாய்வுகளில் எழுவதேயில்லை.

இவ்வினாக்களை நான் ஆட்ட இசையை முன்வைத்து எழுப்ப விரும்புகிறேன். ஆட்ட இசை என்றதும் முகஞ்சுளிப்போர் நம் சங்கத்திலும் உளர். எனினும், செவி பொறுத்துக்கொள்ளும் குறையைக் கால் பொறுத்துக்கொள்வதில்லை. பிரதி கெட்டிருந்தால் ஆடுகளம் உடனே சொல்லிவிடும். எனக்கு அவ்வாறுதான் சொல்லப்பட்டது.

சென்ற ஆண்டு டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றிலே ஒரு கலியாண வீடு. விடுமுறைக் காலங்களிற் படிப்புச் செலவுக்கு வழிதேடி, ஒலிபெருக்கிக்காரர் ஒருவருடன் சேர்ந்து டீஜேயாகப் பாட்டுச் சுழற்றுவது என் வழக்கம். நள்ளிரவை அண்டிய வேளையில், வயது வந்தோரையும் களத்துக்கு அழைக்கும் நோக்குடன், ஏ. ஈ. மனோகரன் புகழ்பெறச் செய்த 'சுராங்கனி'யைப் போட்டேன். இணையத்திற் கிடைத்த பல கோப்புகளுள் இரைச்சலே இல்லாத ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தேன். அதுவே சிறந்தது என்பது என் எண்ணம். எழுந்த சிலர் இரண்டடி வைத்துவிட்டு அமர்ந்தனர். 1970களில் அத்தோட்டத் திருவிழாக்களுக்கு ரெக்கார்டு போட்ட பெரியவர் ஒருவர், நான் பெரியப்பா என அழைப்பவர், என்னருகே வந்து, "அடி எங்க தம்பி? பாட்டு மட்டுந்தானே கேக்குது. எங்க கால வைக்கிறது?" என்றார்.

இதனை முதுமையின் ஏக்கம் என்று தள்ளிவிட்டேன். பின்னரே சிந்தித்தேன். அடி என்று அவர் சொன்னது இக்கால டீஜேமார் பெரிதும் பேசும் அடித்தொனியாக இருத்தல் இயலாது. அவர் காலத்துக் குழாய் ஒலிபெருக்கிகள் ஆழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஆற்றல் அற்றவை. அவர் குறித்தது வேறொன்று: ஒவ்வொரு தட்டும் தொடங்கும் கணத்திலே தெறிக்கும் கூர்மை. பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் ஆடுபவர் காலை எடுத்து வைப்பது அத்தெறிப்பைக் கேட்டுத்தான். இரைச்சல் நீக்கும் கணினிச் செயலிகள் அலை அலையான சீறலை எடுக்கையில், சீறலைப் போலவே ஒலிக்கும் அத்தெறிப்பின் முன்னுனியையும் சேர்த்து மழுக்கிவிடுகின்றன. குரல் தெளிவாகிறது, தாளம் நனைந்த பஞ்சாகிறது. நான் தேர்ந்தது மிகச் சுத்தமான கோப்பு, ஆனால் மிகக் கெட்ட பிரதி. ஏட்டிலுள்ள புரியாத சொல்லைப் பிழையென்று கருதித் திருத்தி, திருத்தியதையும் சொல்லாது விடும் பதிப்பாசிரியன் செய்யும் கேட்டினை இது ஒத்தது.

இவ்வகைத் தேட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. 1980களின் இறுதியில் பிரித்தானியாவிலே பாழடைந்த பண்டகசாலைகளிலும் வயல்வெளிகளிலும் இரவிரவாக நடந்த ரேவ் எனும் ஆட்டக்கூட்டங்களும், அவற்றுக்கெனப் பிறந்த இயந்திர இசையும் பலரும் அறிந்தவை. அவ்விசையை 'மீள மீள ஒலிக்கும் அடிகள்' என வரையறுத்துக் கட்டுப்படுத்த 1994 இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அக்காலத்துத் தட்டுகள் பல, பெயரே அச்சிடாத வெள்ளைச் சீட்டுடன் சொற்பத் தொகையாக வெளிவந்தவை. கூட்டங்களில் எடுத்த பதிவுகள் ஒலிநாடாக்களிற் படியெடுக்கப்பட்டுப் பரவின. இன்று அவற்றைத் தேடும் டீஜேமார், கோப்பொன்று கையிற் கிடைத்தால் அதன் அதிர்வெண் வரைபடத்தை விரித்துப் பார்க்கின்றனர். 128 கிலோபிற் எம்பி3 கோப்பாயின் ஏறத்தாழ 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமிராது. அதனையே ஃபிளாக் எனும் இழப்பற்ற வடிவத்துக்கு மாற்றி உயர்ந்ததெனக் காட்டினாலும் வெட்டு வெட்டாகவே நிற்கும். போனது திரும்புவதில்லை.

இச்சோதனையை நம் பாடல்களுக்கு அப்படியே பொருத்த முற்பட்டு நான் சில மாதங்களை வீணாக்கினேன். தேய்ந்த கசெட்டிலிருந்து எடுத்த பாட்டில் அவ்வுயரத்தில் முதலிலேயே ஒன்றுமிராது. வரைபடம் தாழ்ந்து நின்றால் கோப்பு போலி என்பதில்லை. அதன் தாய் அத்தகையது. பிரதியின் வழிமூலம் தெரியாதவனுக்கு வரைபடமும் பொய் சொல்லும்.

வழிமூலத்தின் வலிமைக்குச் சிறந்த சான்று இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங் 1982 இல், ரோலண்ட் நிறுவனத்தின் டீ.பி.-303, டீ.ஆர்.-808 ஆகிய கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் குறைவு. அதே டீ.பி.-303 கருவியின் நெளியும் ஒலியைக் கொண்டு ஷிக்காகோவிலே 'அசிட்' எனும் ஆட்ட இசைக்குப் பெயர் வாங்கித்தந்த தட்டு 1987 இல் வந்தது. நெதர்லாந்துச் சேகரிப்பாளர் ஒருவர் டில்லியிலே கண்டெடுத்த பிரதியின் வழியாகச் சிங்கின் படைப்பு 2010 இல் மீள வெளியிடப்பட்டபோது, இது அண்மையில் எவரோ செய்த ஏமாற்று என ஐயுற்றோரும் உண்டு. பழைய தட்டு கையிலிருந்தமையால் ஐயம் நீங்கியது. வெறுங்கோப்பாக மட்டும் அது வந்திருப்பின் எவர் நம்பியிருப்பர்?

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். நமக்கு ரேவ் இல்லை. ஆனால் இரவிரவான ஆட்டம் இருந்தது. காமன் கூத்தும் தப்பும் ஒருபுறமிருக்க, நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' போன்ற பொப் இசைப் பாடல்களும், பைலாவும், தமிழ்த் திரைப்பாட்டும் திருவிழா முடிந்த இரவுகளிற் சுழன்றன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். ஒலிக்கருவியும் தட்டும் எளிதிற் கிட்டவில்லை. இருந்த தட்டே தேயத் தேயச் சுழன்றது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானியக் கசெட் கருவிகள் வந்திறங்க, நகரங்களிலே படியெடுத்துக் கொடுக்கும் கடைகள் தோன்றின. படியின் படி, அதன் படி என ஒவ்வொரு தலைமுறையிலும் சீறல் கூடிற்று. 1983 ஜூலையில் மலையக நகரங்களில் தமிழர் கடைகள் எரிந்தபோது எரிந்தவற்றுள் ஒலிநாடாக்கள் எத்தனை என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். உயிரையும் உடைமையையும் எண்ணுவதற்கே அன்று ஆளில்லை.

பெரியப்பாவின் பெட்டியைப் பார்க்க நான் அவரது லயத்துக்குச் சென்றேன். காம்பராவின் அடுப்புக்கு மேலுள்ள பரணிலே பெட்டி இருந்தது. ஈரம் அண்டாதிருக்க அங்கே வைத்ததாகச் சொன்னார். அடுப்புப் புகை ஓலை ஏட்டைப் பூச்சியிடமிருந்து காக்கும். வைனல் தட்டையோ அடுப்பின் சூடு வளைத்துவிடும். மொத்தம் முப்பத்தொரு தட்டுகள். ஒன்பது வளைந்திருந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பதினான்கில் ஐந்து விரிசல் கண்டவை. மற்றும் மூன்றை எவரோ ஸ்பிரிட்டால் துடைத்திருந்தனர். அவை அரக்காலானவை, ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். எஞ்சிய 78 தட்டுகளையும் இக்கால ஊசியால் இயக்குதல் தகாது. அவற்றின் தடம் அகன்றது. நுண்தடத் தட்டுக்குரிய ஊசி தடத்தின் அடியிலுள்ள அழுக்கை உழுதுகொண்டு போகும். இணையத்திலே 'பழைய தட்டு இப்படித்தான் இரையும்' என்று மெச்சப்படும் இரைச்சலிற் பாதி பழமையின் ஒலி அன்று. தவறான ஊசியின் ஒலி. இவ்விடத்து, புதிதாகப் பதிந்த பாட்டுக்குக் கணினியால் பொய்க் கீறல் ஒலி சேர்க்கும் நண்பர்களையும் நினைக்காதிருக்க முடியவில்லை. மழுக்குவோரிலும் இவர்கள் மேலானவரல்லர்.

கசெட்டுகளைப் பொறுத்தமட்டில் ஒரு நற்செய்தி உண்டு. ஒலி மங்கிய நாடாக்கள் யாவும் அழிந்தவையல்ல. பதிந்த கருவியின் தலையும் இயக்கும் கருவியின் தலையும் ஒரே சாய்வில் இல்லாவிடின் உயர்ந்த ஒலிகள் மறையும். தலைக்கருகிலுள்ள சிறு திருகாணியைக் காது சொல்லும்வரை மெல்லத் திருப்பினால் அவை மீளும். ஹற்றனில் வானொலி திருத்தும் ஒருவர் இதனை எனக்குக் காட்டிக்கொடுத்தார். எந்த மென்பொருளும் செய்யாத வேலையை அரைத் திருகு செய்தது.

ஆனால் மனோகரனின் தட்டு அப்பெட்டியில் இல்லை. கேட்டேன். "நல்லதையெல்லாம் தம்பிகிட்ட குடுத்துட்டேன். அவன் கப்பலேறிட்டான்" என்றார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்ததை எண்ணாகவே படித்திருக்கிறோம். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பலில், அவ்வெண்ணுக்குள் ஒருவராக, பெரியப்பாவின் தம்பியும் அவர் கையில் ஒரு தட்டுப்பெட்டியும் சென்றிருக்கின்றன. அவர் குடும்பம் இன்று நீலகிரியிலே கோத்தகிரியில் இருக்கிறது. நாம் மலைநாட்டில் தேடும் நல்ல பிரதிகளுட் சில கடலுக்கப்பால் மற்றொரு தேயிலை மலையிற் கிடக்கின்றன என்பது அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை. அங்கிருப்போருக்கு அது வெறும் பழம்பெட்டி.

நம் நாட்டுச் சேகரிப்பாளர் சிலர் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நான் நாடிய மூவரில் இருவர் தம்மிடமுள்ள தட்டின் பெயரைக்கூடச் சொல்ல மறுத்தனர். 1970களில் வட இங்கிலாந்தின் ஆட்டமண்டபங்களில் அரிய அமெரிக்கத் தட்டுகளைச் சுழற்றியோர், போட்டியாளர் அறியாதிருக்கப் பெயர்ச்சீட்டை மறைத்துப் பொய்ப்பெயர் சூட்டினராம். அது தொழிற்போட்டி. நம்மிடையே தட்டு போட்டு வாழ்வோர் எவருமில்லை. இங்கே எதற்கு மறைப்பு? ஏட்டைக் கேட்டவரிடம் இல்லையென்று சொல்லிப் பூட்டிவைத்துச் செல்லரிக்கவிட்ட பெருமக்களின் வாரிசுகள் இவர்கள். மூன்றாமவர் தாமாகவே ஒரு பிழையைத் தீர்த்துவைத்தார். 'சுராங்கனி' 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்துக்காக இளையராஜாவின் இசையிலும் வந்தது. இணையத்தில் அதனையும் மனோகரனதையும் பெயர் மாற்றி ஏற்றியிருப்பது அவர் சொன்ன பின்னரே எனக்கு விளங்கிற்று. என்னிடமிருந்த ஐந்து கோப்புகளில் இரண்டு திரைப்பாடலே.

கோத்தகிரியிலிருந்து முதலில் வந்தது, தட்டுச் சுழலும் கருவியின் முன் கைப்பேசியை வைத்து எடுத்த பதிவு. அதிற் பாட்டோடு குழந்தையின் அழுகையும் மழையும் கேட்டன. கோயம்புத்தூரில் தட்டிலிருந்து நேரே கம்பியிணைத்துப் பதிவுசெய்பவரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னோம். எதனையும் நீக்க வேண்டாம் என எழுதியிருந்தேன். இரண்டு மாதங்களின் பின் கோப்பு வந்தது. கீறல் உண்டு. ஓரிடத்தில் ஊசி ஒரு சுற்றுத் தாண்டுகிறது. சுருதி சற்று உயர்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. வேகம் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மாறினால் அரைச்சுரம் மாறும். ஆகவே சுழற்றிய கருவியின் வேகத்தையும் கேட்டெழுதி, கோப்பின் பெயருடன் தட்டு இருந்த இடம், பதிந்த ஊசி, பதிந்த மாதம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தேன். ஆடுகளத்துக்காகத் தாண்டல் நீக்கிய வேறொரு படியும் செய்தேன். ஆயின் அதன் பெயரிலேயே 'திருத்தியது' என்று குறித்துள்ளேன். திருத்துவது குற்றமன்று, திருத்தியதை மறைப்பதே குற்றம் என்ற அளவில் என் கொள்கை இன்று நிற்கிறது. டீஜே தொழிலில் இக்கொள்கைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கையால் அடித்த தாளம் இயந்திரத் தாளம்போல் ஒரே வேகத்தில் நில்லாது, அடுத்த பாட்டுடன் இழைப்பதற்குக் கையை எடுக்காது பிடித்திருக்க வேண்டும். கணினியால் தாளத்தை நேராக்கிவிடு என்கின்றனர் நண்பர். நான் மறுத்துவிட்டேன்.

பெரியப்பாவுக்கு அதனை அவரது காம்பராவிலேயே ஒலிக்கவிட்டேன். தாண்டும் இடம் வருமுன்னரே அவர் விரலை உயர்த்தினார். அந்தக் கீறல் இங்கிருந்தபோதே விழுந்ததாம், திருவிழா இரவொன்றில் எவரோ மேசையை இடித்ததாம். பாட்டு முடிந்தபின் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"மறுபக்கத்தையும் எடுக்கச் சொன்னியா தம்பி?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கவில்லை. அன்றிரவே கோத்தகிரிக்கு எழுதினேன்.