இரண்டாகப் பிரியும் படகு

அடுக்குப் பாத்திரத்தில் சிறியது பெரியதனுள் அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு படகையும் அவ்வாறே நடுவில் குறுக்காகப் பிரித்து, முன்பாதியைப் பின்பாதிக்குள் அடக்கிவிடலாம். ‘நெஸ்டிங் டிங்கி’ என்பது இதன் பெயர். பாய்மரப் படகில் நெடும்பயணம் போவோர், தளத்தில் இடம் போதாமையால் இதை விரும்புகிறார்கள். வீட்டிலேயே கட்டிக்கொள்ள வரைபடங்களும் விற்கப்படுகின்றன. வீடுகள் நெருங்கிய சாத்தாங்காட்டில் இருப்பவருக்கும் ஆசை எழும். ஆனால் எந்த நீருக்கு இந்தப் படகு?

கட்டும் முறை பாராட்டத்தக்கது. முழுப் படகாகவே கட்டி, நடுவில் சிறு இடைவெளி விட்டு இரண்டு குறுக்குச் சுவர்களைப் பொருத்தி, அந்த இடைவெளியில் ரம்பத்தால் அறுத்துவிடுகிறார்கள். ஆதலால் இரு பாதிகளும் பிசகாமல் பொருந்தும். தனித்தனியே மிதக்கவும் செய்யும். ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் கண்ணாடி இழை நாடாவும் பிசினும் இடும் வழி, பிரிட்டனில் 1960-களில் வந்த ‘மிர்ரர்’ படகினால் பரவிற்று. பலகையைத் தைப்பது நமக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் அமையுமுன் கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. அவற்றின் மூட்டு நெகிழும். பிசின் மூட்டு நெகிழாது.

குறை நடு மூட்டில் இருக்கிறது. நடுவில் ஒருவர் அமர்ந்தால் படகு தொய்யப் பார்க்கும்; அடிப்பக்கம் விரியும்; கீழ் போல்ட்டுகள் இழுபடும். அலையின் முகடு நடுவே வந்தாலோ மேல் போல்ட்டுகள் இழுபடும். திருவொற்றியூர்க் கரையலையில் இவ்விரண்டும் மாறி மாறி நிகழும்.

நம் கட்டுமரமும் பிரிகிற கலம்தான். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, நீர் ஊறிய மரங்களை உலர்த்துவார்கள். ஆனால் அது பிரிவது நீளவாக்கில்! ஒவ்வொரு மரமும் ஏறக்குறைய முனைக்கு முனை ஓடுவதால் வளைக்கும் விசையை மரமே தாங்குகிறது. கயிறு மரங்களைச் சேர்த்துப் பிடித்தால் போதும். உள்ளே நீர் தேங்கவும் இடமில்லை. டிங்கியோ மிகுந்த விசை விழும் இடத்திலேயே வெட்டுப்பட்டது. அதைக் கடலுக்கு இறக்குவதை நான் ஒப்பமாட்டேன்.

தெரு வெள்ளத்துக்கு ஒப்புவேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அத்தகைய நாளில், மாடி அறையில் அடங்கிக் கிடக்கும் படகு ஒரு கிழவியை மேட்டுக்குக் கொண்டுபோகும்.

கட்டுவதானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தர ஒட்டுப்பலகையையே வாங்குங்கள். இரும்புச் சந்தை பக்கத்தில்தானே என்று சாதாரண இரும்பு போல்ட்டை மாட்டாதீர்கள். துருவேறாத எஃகே வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள துளைகளுக்கு ரப்பர் வளையம் அவசியம். பாதிகளைப் பூட்டும் வேலையை ஒருமுறை இருட்டிலும் செய்து பழகுங்கள். வெள்ளம் புகும் இரவில் மின்சாரம் இருக்காது.