செப்பேடு சொல்லும் திருச்சபை வரலாறு

கேரளத்துப் பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களின் வரலாற்றை எழுதுவோரிடம் ஒரு வழக்கம் காணப்படுகிறது. கி. பி. 52-ல் தோமா அடிகள் கரையிறங்கினார் எனத் தொடங்குவர். நிரணம் ஆலயம் 54-ல் எழுந்தது என்பர். உடனே இன்றைய கட்டடத்துக்கு வந்துவிடுவர். செவிவழி மரபைப் போற்றுவது குற்றமன்று. ஆனால், மரபையே சான்றாகக் கொள்வது வரலாறு ஆகாது.

சான்று இல்லையோ எனின், உண்டு. கி. பி. 849-ல், சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடுகளே அவை. ஈழவர், வண்ணார் ஆகியோரின் குடிகள் பள்ளிக்கு விடப்பட்டன. தலைக்காணம், ஏணிக்காணம் முதலிய வரிகள் நீக்கப்பட்டன. நிறையும் அளவும் காக்கும் உரிமை பள்ளிக்குக் கிடைத்தது. காவற் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுடையது. இம்மணிக்கிராமத்தின் பெயர், நம் தீபகற்பத்தின் வடபால் உள்ள தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் வருகிறது. அரபு, பாலவி, எபிரேய எழுத்துகளில் சான்றாளர் ஒப்பமிட்டுள்ளனர். ஒரு வழிபாட்டிடம் கடல் வாணிகத்தோடு எவ்வாறு பிணைந்திருந்தது என்பதை இதனினும் தெளிவாக எது காட்டும்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தரிசாப்பள்ளியை ஆர்த்தடாக்ஸ் ஆலயம் என்றல் பொருந்தாது. அக்காலக் கிறித்தவர் பாரசீகத்துக் கீழைச் சிரியத் திருச்சபையோடு உறவுடையவர். போர்த்துகீசியர் கூட்டிய 1599-ஆம் ஆண்டின் உதயம்பேரூர் மன்றம் அவர்தம் சிரிய நூல்கள் பலவற்றைக் கண்டித்து அழிக்கச் செய்தது. அதன் பின் எழுந்த எதிர்ப்பே 1653-ஆம் ஆண்டின் கூனன் குருசு உறுதிமொழி. 1665-ல் மார் கிரிகோரியோசு வந்த பிறகே மேலைச் சிரிய மரபு வேரூன்றியது. 1579-ல் எழுந்த கோட்டயம் செறியபள்ளி கூட இம்மாற்றத்துக்கு முற்பட்டதே. இன்றைய பெயரைப் பண்டைச் சுவரில் ஒட்டுதல் ஆராய்ச்சி ஆகாது.

நூல்கள் அழிந்த நாட்டில் செம்பும் கல்லுமே பேசவேண்டும். இச்செப்பேடுகளின் ஒரு பகுதி கோட்டயத்தில் ஆர்த்தடாக்ஸ் சபையிடமும், மறுபகுதி திருவல்லாவில் மார்த்தோமா சபையிடமும் உள்ளன. சபை பிரிந்தது, ஏடும் பிரிந்தது. எனினும், அதன் வாசகம் ஒன்றே.

அவ்வாசகமோ வட்டெழுத்தில் அமைந்தது; மலையாளம் முற்றும் தனித்து நில்லாத காலத்து நடை. எல்லாம் தமிழே என முழங்குதலும் வேண்டா. அயலார் பொருள் என ஒதுங்குதலும் வேண்டா. தமிழாசிரியர்கள் அதனைப் படித்துப் பொருள் காண முற்படின், தமிழுக்கும் திருச்சபை வரலாற்றுக்கும் ஒருங்கே நன்மை விளையும்.