ஏணியில் அளந்த பிரெஞ்சு

பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமை கேட்பவர் பிரெஞ்சில் பி2 நிலையைக் காட்டியாக வேண்டும். அதுவரை பி1 போதுமாயிருந்தது. வகுப்பறையோடு நின்றிருந்த 'இப்ப எந்த லெவல்?' என்ற விசாரிப்பு இப்போது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஒருவருடைய பிரெஞ்சு தேறியிருக்கிறதா என்பதற்கு அந்த ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமே பதிலாம்.

ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட, பி1, பி2 போன்ற ஆறு நிலைகள் கொண்ட அளவுகோல் நல்ல ஏற்பாடுதான். பிழைகளை எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியர்களை, மாணவரால் மொழியில் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வைத்தது. புதுச்சேரியில் வாங்கிய சான்றிதழ் லியோனிலும் செல்லும். சரி.

அன்றாடப் பிரெஞ்சுக்கு இந்த ஏணியில் எந்தப் படி? 'எனக்குத் தெரியாது' என்பதை 'ஜெ ந ஸே பா' என்று புத்தகத்தில் படித்தவர் காதில் தெருவில் விழுவது 'ஷே பா'. எதிர்மறையின் 'ந' பேச்சில் பெரும்பாலும் உதிர்ந்துபோகும். 'நாம்' என்பதற்குப் பாடம் சொல்லும் 'நூ' இருக்க, சனங்கள் 'ஓன்' என்பார்கள். இதெல்லாம் காதுக்குப் பிடிபடும் நாளே பெரிய தாவல். அதைத் தேர்வு எப்படி மதிக்கிறது?

டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வின் பி2 நிலையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும். எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. கேட்டலில் வெறும் 5, பேச்சில் 10, வாசிப்பில் 15, எழுத்தில் 20 வாங்கியவர் தேறிவிடுவார். கேட்டலிலும் பேச்சிலும் முழுதாக 25, வாசிப்பில் 20, எழுத்தில் 4 வாங்கியவர் 74 எடுத்தும் தோற்பார். அந்த எழுத்துத்தாள் கேட்பதோ 250 சொற்களில் வாதாடும் கடிதம் போன்ற ஒன்று.

பாரிஸ் ரெஸ்டோரன்ட் குசினியில் பல வருடம் நின்ற ஈழத்தமிழரை நினைத்துப் பாருங்கள். கூச்சலுக்கு நடுவே ஆர்டரைப் பிடிப்பார், பகிடிக்குப் பகிடி சொல்வார், வீட்டுக்காரரோடு போனில் சண்டை பிடிப்பார். கடிதம் எழுத வராததால் அவருக்குப் 'பிரெஞ்சு போதாது'. மொழி என்ற பெயரில் இங்கே சோதிக்கப்படுவது பள்ளிப்படிப்பு. பள்ளிக்குப் போக வாய்த்தவர்கள் வகுத்த அளவுகோல், வேறென்ன செய்யும்?

குடிமகனுக்கு எழுத்து வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். அப்படியானால் எழுத்தில் தவறினார் என்று சொல்லட்டும்; அவருடைய பிரெஞ்சே தேறவில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

மருத்துவரிடம் நேரம் கேட்க முன்பு மகளிடம் போனை நீட்டியவர் இப்போது தானே பேசுகிறாரா, எதிர்முனையில் இருப்பவர் படபடவென்று சொல்வதை மறித்துத் திரும்பக் கேட்கிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும், விண்ணப்பத்தோடு இணைக்க அதற்குச் சான்றிதழ் கிடையாது.