பிடித்தது, பிடிக்காதது: கேரள எல்லையில் பதின்வயதினரின் நாவல் வாசிப்பு

தமிழ் நாவலின் வரலாற்றை எழுத்தாளர்களின் வரிசையாகவும் விமர்சகர்களின் சண்டைகளாகவும் எழுதி வைத்திருக்கிறோம். யாரும் சொல்லாமல் ஒரு நாவலை எடுத்து, இரண்டு இரவுகளில் முடித்து, ‘செமையா இருக்கு’ என்றோ ‘அறுவை’ என்றோ முடிவுகட்டும் பதினாறு வயதுக்காரர் அந்த வரலாற்றில் தலைகாட்டுவதில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் இந்த விடுபடல் இரட்டிப்பாகிறது. கொழிஞ்சாம்பாறையிலோ வட்டவடையிலோ வளரும் தமிழ்ப் பிள்ளை தமிழ் இலக்கிய உலகுக்குக் கேரளத்துக்காரர். மலையாள இலக்கிய உலகுக்குத் தமிழர். இரண்டு மொழிகளிலும் நாவல் படிக்கக்கூடிய இந்த வாசகரின் சொந்தக் கருத்து எங்கே பதிவாகிறது, எங்கே தொலைகிறது?

எல்லை தந்த இருமொழி

1956 நவம்பர் 1 வரை பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் சித்தூர் பகுதி முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள். தமிழ்நாட்டோடு இணையும் போராட்டத்தால் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. பிரிவினையின் வடு அரசியலில் பேசப்பட்ட அளவுக்கு வாசிப்பில் பேசப்படவில்லை.

இங்குள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பாடநூல் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது. சினிமாவும் வார இதழும் மாத நாவலும் பேருந்தில் வருகின்றன. கோவிந்தாபுரத்துக்குப் பொள்ளாச்சி பக்கம், மறையூருக்கு உடுமலைப்பேட்டை, குமுளிக்குக் கம்பம். ராஜேஷ்குமாரின் குற்றக் கதைகளும் ரமணிசந்திரனின் குடும்பக் கதைகளும் இந்தப் பேருந்து நிலையங்களின் கடைகள் வழியாகவே மலையேறின. அரசு அலுவலகம் பெரும்பாலும் மலையாளத்தில். ஆக, இந்த வாசகரிடம் மூன்று விதமான தமிழ் உண்டு: பாடநூல் தமிழ், திரைத் தமிழ், மலையாளம் விரவிய வீட்டுத் தமிழ். ஒரு நாவலின் உரையாடல் காதில் ஒட்டுகிறதா இல்லையா என்பதை அவர் இந்த மூன்றையும் வைத்தே அளக்கிறார்.

அலமாரியும் பேரேடும்

கேரளத்தின் நூலக இயக்கத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 1945இல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய கிரந்தசாலை சங்கம் ஊர்தோறும் வாசகசாலை என்ற கனவைப் பரப்பியது. அவர் மறைந்த ஜூன் 19 இன்றும் பள்ளிகளில் வாசிப்பு நாள். ஆனால் மலைக்கும் எல்லைக்கும் வரும்போது அந்த அலமாரிகளில் மலையாளமே மிகுதி. தமிழ் ஓர் ஓரத்து அடுக்கு.

வட்டவடையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த மாணவர் அபிமன்யு 2018 ஜூலை 2 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் கொல்லப்பட்டார். தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. கேரளத்தின் பல மூலைகளிலிருந்தும் புத்தகங்கள் குவிந்து, அவர் பெயரிலேயே அங்கு நூலகம் எழுந்தது. நெகிழ்ச்சியான நிகழ்வுதான். ஆனாலும் கொடையாக வரும் புத்தகம் கொடுப்பவரின் ரசனையைச் சுமந்து வருகிறது. படிக்கப்போகும் பிள்ளைக்கு எது வேண்டும் என்று கேட்டு அனுப்புவோர் குறைவு.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று இடமலைக்குடியில் கிடைக்கிறது. முதுவர்கள் வாழும் இந்தப் பஞ்சாயத்து, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக 2010இல் அமைந்தது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி தம் தேநீர்க் கடைக்குள்ளேயே ஒரு நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் அதைப் பற்றி எழுதினார். மொத்தம் 160 நூல்கள். சேரும்போது 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். யார் எதை எடுத்தார் என்பதைச் சின்னத்தம்பி ஒரு பேரேட்டில் ஒழுங்காக எழுதி வந்தார். 2013இல் 37 முறை நூல்கள் கைமாறியிருக்கின்றன. சிலப்பதிகாரம் ஒருமுறைக்கு மேல் போயிருக்கிறது. அது இளையோருக்கென்று அமைந்த நூலகம் அல்ல. என்றாலும் வாசிப்பு ஆய்வுக்கு ஒரு முறையை அந்தப் பேரேடு கற்றுத் தருகிறது: ஒருவர் ஒரு நூலைப் பாராட்டிச் சொல்லும் சொல்லைவிட, அதை மறுபடி எடுத்துப்போவது நம்பத்தக்க தீர்ப்பு. மதிப்பெண்ணுக்காக யாரும் காட்டுக்குள் நடந்து வந்து சிலப்பதிகாரத்தை எடுப்பதில்லை.

நான்கு நாவல்கள், நான்கு கேள்விகள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. நாட்டுடைமையானதால் மலிவுப் பதிப்பும் மின்னூலும் எளிதில் கிடைக்கின்றன. மணிரத்னத்தின் 2022, 2023 படங்கள் புதிய தலைமுறையை நூலுக்கு அழைத்து வந்தன. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வாக்குவாதம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொது. எல்லையில் அதனோடு இன்னொரு சிக்கல் சேர்கிறது. சேர, சோழப் பகையைக் கேரள வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை ‘நூற்றாண்டுப் போர்’ என்று விளக்கினார். கேரளத்து வரலாற்றுப் பார்வையில் சோழர் படையெடுத்து வந்தவர்கள். அந்தப் பார்வையை வகுப்பறையில் கேட்டு, இரவில் வந்தியத்தேவனோடு குதிரையேறும் மாணவி ‘நான் யார் பக்கம்?’ என்று ஒரு கணம் தயங்கினால், அது தஞ்சாவூர் வாசகிக்கு வராத தயக்கம். வரலாற்று நாவல் எவ்வளவு ஒருசார்பானது என்ற பாடத்தை அவர் எந்த ஆசிரியரும் இல்லாமல் கற்கிறார்.

பி.எச். டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் 1969இல் வெளியிட்ட நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு இதுவே தூண்டுகோல். சமவெளி வாசகர் இதைக் கொடுமைகளின் ஆவணமாகப் படித்துக் கலங்குகிறார். மூணாற்று லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவருக்கு இது பாட்டியின் கதை. கங்காணி, கொழுந்து, லயம் எதற்கும் அவருக்கு அடிக்குறிப்பு வேண்டாம். 2015இல் ‘பொம்பிளை ஒருமை’ என்று திரண்டு மூணாற்றை ஸ்தம்பிக்க வைத்த தோட்டப் பெண் தொழிலாளர்களில் அவருடைய அம்மாவோ அத்தையோ இருந்திருக்கலாம். ஆகவே ‘இவ்வளவு அடிபட்டும் இவர்கள் ஏன் திருப்பிப் பேசவில்லை?’ என்று அவருக்குக் கோபம் வருவது இயல்பு. இரக்கத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட பக்கங்களில் கோபம் பிறப்பது வாசிப்பின் தவறல்ல. நாவலுக்கும் இன்றைக்கும் இடையே நடந்தவற்றின் கணக்கு அது.

ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ 1969இல் நூலானது. பாலக்காட்டை அடுத்த தஸ்ராக்கே கசாக்கின் மூல ஊர். யூமா வாசுகியின் தமிழாக்கம் 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது. விமர்சகர்கள் ஓராசிரியர் பள்ளிக்கு வரும் ரவியின் குற்றவுணர்வையும் இருத்தலியலையும் பேசுகிறார்கள். இன்னும் வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வாசகருக்கு நாவல் எதிர்த் திசையிலிருந்து திறக்கிறது. அவர் கண் ரவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்மேல், அப்புக்கிளி என்ற பாத்திரத்தின்மேல் விழுகிறது. ‘இந்த வாத்தியார் எப்படிப்பட்டவர்?’ என்று அவர் கேட்கும் கேள்வி விமர்சன நூல்களில் அரிது. நாவலுக்குள் அதற்கு இடம் தாராளம். அதோடு, தமிழ் கலந்த பாலக்காட்டுப் பேச்சு அவர் காதுக்கு அந்நியமும் இல்லை.

நான்காவது, அகில் பி. தர்மஜனின் ‘ராம் கேர் ஆஃப் ஆனந்தி’. சினிமா படிக்கச் சென்னைக்கு வரும் மலையாள இளைஞனின் கதை. மலையாளப் பதின்வயதினரிடம் பெருவிற்பனை கண்டு, 2025இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்காரமும் பெற்றது. உடனே அதன் இலக்கியத் தகுதி பற்றி வாக்குவாதம் எழுந்தது. எல்லைத் தமிழர் இங்கே தலைகீழான இடத்தில் நிற்கிறார்: மலையாளியின் கண்ணில் தமிழ் நகரம், அதைப் படிப்பவர் கேரளத்துத் தமிழர். அந்தச் சென்னை அவருக்கும் பாதி கற்பனைதான். தகுதி பற்றிய சண்டையில் அவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

குறிப்பேட்டில் தொலைவது

பள்ளி இந்த எதிர்வினைகளுக்குத் தந்திருக்கும் ஒரே வடிவம் வாசிப்புக் குறிப்பு: ஆசிரியர் பெயர், பதிப்பகம், கதைச் சுருக்கம், கதை உணர்த்தும் நீதி. ‘நடுவில் தூங்கிவிட்டேன்’, ‘கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தேன்’ என்பவற்றுக்கு அதில் கட்டம் கிடையாது. அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938லேயே இலக்கியம் என்பது நூலும் வாசகரும் சந்திக்கும் நிகழ்வு என்று வாதிட்டார். தகவல் எடுத்துக்கொண்டு போகும் வாசிப்பையும் வாழ்ந்து பார்க்கும் வாசிப்பையும் பின்னாளில் அவர் பிரித்துக் காட்டினார். நம் குறிப்பேடுகள் நாவலை முதல் வகையில் படிக்கவே பழக்குகின்றன. பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பெனாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பாதியில் மூடிவைப்பதும் அவற்றில் ஒன்று.

இதற்காக வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. விமர்சகர் க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று நாவல்களை அறிமுகப்படுத்தியபோது கோட்பாட்டை முன்னிறுத்தவில்லை. ஒரு தனி வாசகரின் ரசனையையே முன்வைத்தார். தமிழில் ரசனை விமர்சனம் அப்படித்தான் வேர்விட்டது. பெரியவர் சொன்னால் விமர்சனம், பதின்வயதினர் சொன்னால் அரட்டை என்று பிரிப்பதற்கு அந்த மரபில் நியாயம் இல்லை.

எல்லா எதிர்வினையும் சமமான ஆழம் உடையது என்று வாதிடவில்லை. ‘போர்’ என்ற ஒற்றைச் சொல் சில நேரம் சோம்பல்தான். அதைச் சோம்பல் என்று கண்டுபிடிக்கவும் அடுத்த கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும்: எந்தப் பக்கத்தில் போரடித்தது? ஏன்? எல்லைப் பள்ளிகளின் தமிழாசிரியரும் ஊர் நூலகரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலைத் திருத்தாமல் எழுதிவைத்தால் போதும். தனித் திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. தமிழ் அடுக்குக்கு எந்த நூல் வாங்குவது என்பதற்கும் அதுவே வழிகாட்டும். தோட்டத்து நாவலில் லயம் சரியாக வந்திருக்கிறதா, கசாக்கின் தமிழாக்கத்தில் பாலக்காட்டுப் பேச்சு தப்பிப் பிழைத்ததா என்று தீர்ப்பளிக்கச் சென்னையிலும் கோட்டயத்திலும் இருப்பவர்களைவிடத் தகுதியான வாசகர்கள் இங்கே பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு இலக்கியங்களும் அவர்களிடம் கருத்துக் கேட்காதவரை, நட்டம் அந்த இலக்கியங்களுக்கே.