தொலைந்த பார்சல் யார் கணக்கில்?

இன்ஸ்டகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை விற்கும் தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் ஒரு நிபந்தனையைப் பார்க்கலாம். பார்சலைப் பிரிக்கும்போது முதலிலிருந்து கடைசிவரை, இடையில் வெட்டாமல் வீடியோ எடுக்க வேண்டும். வீடியோ இல்லையென்றால் புகார் ஏற்கப்படாது. இலங்கையில் ஃபேஸ்புக் வழியாக விற்பவர்கள் அதே இடத்தில் வேறொன்றை எழுதுகிறார்கள்: தீவு முழுவதும் டெலிவரி, பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுத்தால் போதும். சிங்கப்பூரின் ஜாலான் புசாரிலும் தேக்காவிலும் இருந்துகொண்டு இரு நாடுகளிலிருந்தும் துணிமணி தருவிப்பவர்களுக்கு இரண்டு வகைக் கடைகளும் அறிமுகம்தான். இந்த வேறுபாட்டை அந்தந்த நாட்டின் பழக்கம் என்றோ சட்டத்தின் போக்கு என்றோ சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்சல் தொலையும் நேரத்தில் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் நிம்மதியாக இருக்கிறார், மற்றவர் ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். சட்டம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

சட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இலங்கையின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டினது. இந்தியாவின் பொருள் விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டினது. இரண்டும் 1893இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரே சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் நடப்பிலுள்ளதும் அதே வழியில் வந்த 1979ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம்தான். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வாங்குபவருக்கு அனுப்பும்படி பொருளை விற்றவர் சுமப்பவரிடம் ஒப்படைத்ததையே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகக் கொள்வது மூன்றுக்கும் பொது. சுமப்பவரோடு நியாயமான ஒப்பந்தம் செய்துகொள்ளும் கடமை மட்டும் விற்றவருக்கு உண்டு. கப்பலில் சரக்கு ஏற்றி, காப்புறுதியும் எடுத்துக்கொண்ட வணிகர்களுக்கு இந்த விதி பொருந்தியது. ஆயிரம் ரூபாய்க்குச் சுடிதார் விற்பவரும் வாங்குபவரும் இப்படியொரு விதி இருப்பதையே அறியமாட்டார்கள். வேர் ஒன்றாயிருந்தும் வழக்கம் இரண்டாகப் பிரிந்திருக்கிறதென்றால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் சிறு விற்பனையாளர் ஜிபேயில் பணம் வந்த பிறகே பார்சல் கட்டுகிறார். ஆகவே நிரூபிக்கும் சுமை வாங்குபவர் தலையில் விழுகிறது. ஒரு கையில் கைபேசி, மறு கையில் பிளேடு. முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், ஒட்டுநாடா பிரிக்கப்படாதது தெரிய வேண்டும், சேலையை முழுதாக விரித்து முந்தானை வரை காட்ட வேண்டும். தனியாக இருக்கும் வயதானவர் இதைச் செய்வது எப்படி? விற்பவர்கள் சொல்லும் நியாயமும் இருக்கிறது. உடுத்திவிட்டுக் கறையோடு திருப்பி அனுப்புபவர்களும், கிழிசலைத் தாங்களே உண்டாக்குபவர்களும் உண்டு. ஆனால் பார்சல் வந்தே சேரவில்லையென்றால் எதைப் படம் பிடிப்பது? கண்காணிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ‘டெலிவர்டு’ என்று வரும், பொருள் இருக்காது. கூரியர் அலுவலகத்துக்குப் போனால், ஒப்பந்தம் அனுப்பியவரோடுதான் என்று கைவிரிப்பார்கள். அனுப்பியவர் போனாலும் ரசீதின் பொடி எழுத்து குறுக்கே நிற்கும். 1990இல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராமல், பருவம் கடந்து, நட்டப்பட்ட பாரதி நிட்டிங் கம்பெனி, டிஎச்எல் மீது தொடுத்த வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்ட சீட்டில் கண்ட 100 அமெரிக்க டாலர் வரம்பே கட்டுப்படுத்தும் என்றது. அஞ்சல் துறைக்கு 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கவசமாக இருந்தது. 2024 ஜூன் 18 முதல் நடப்பிலிருக்கும் புதிய அஞ்சலகச் சட்டமும் அதே கவசத்தை 10ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டது. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ₹1000, இதில் எது குறைவோ அது என்பது நெடுங்கால விதி. பட்டுச்சேலைக்கு அது மூலைக்குக்கூடக் காணாது.

இலங்கையில் கதை தலைகீழ். பொருள் வரும்வரை காசு வாங்குபவர் பையிலேயே இருக்கிறது. பொதி வழியில் காணாமற்போனால் அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறு கடையில் ஓடர் போடுவார். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வீட்டிலிருந்து தைத்து விற்கும் பெண்தான் பொருளையும் இழந்து, கூரியர் கட்டணத்துக்கும் வாதாடி நிற்கிறார். கூரியர்காரர் வசூலித்த காசும் அவர் கணக்குக்கு உடனே வருவதில்லை. தொலைந்துபோவதைப் பொறுத்தவரை வாங்குபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. சேதம் என்று வரும்போதுதான் பாதுகாப்பு கரைகிறது. வாசலில் நிற்பவர் முதலில் காசை வாங்குவார், பிறகே பெட்டியைக் கொடுப்பார். பிரித்துப் பார்க்கப் பொதுவாக விடமாட்டார். காசு கைமாறிய அந்த நொடியில் கொழும்பு வாடிக்கையாளர் கோயம்புத்தூர் வாடிக்கையாளரின் நிலைக்கு வந்துவிடுகிறார். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற எண்ணை அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். ஆனால் அது இணைய வணிகத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டமல்ல. முகவரியே இல்லாத ஃபேஸ்புக் பக்கத்தின் மீது முறையிட, அதன் பின்னால் இருப்பவர் யார் என்றாவது தெரிய வேண்டும்.

இந்தியாவிலும் பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறை இருக்கிறதே, ஃபிளிப்கார்ட் 2010இலேயே தொடங்கியதே என்று கேட்கலாம். உண்மைதான், அந்த எடுத்துக்காட்டு என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. பெருந்தளங்களில் பணம் விற்பவர் கைக்கு வருமுன் பொருள் திரும்பிவிடக்கூடும். புதுச் சட்டை அனுப்பியவருக்குப் பழைய துணி திரும்பி வருவதும் உண்டு. அதனால் அங்கே திரும்பி வரும் பார்சலைப் பிரித்து வீடியோ எடுப்பவர் விற்பவர்! தளத்திடம் இழப்பீடு கோர அவருக்கு அது வேண்டியிருக்கிறது. அதே நாடு, அதே பிளேடு, அதே கைபேசி. பணம் எதிர்ப்பக்கம் இருப்பதால் கேமரா இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இன்னொரு மறுப்பு கனமானது. இந்திய நுகர்வோர் சட்டம் வலுவானது, அதைப் பயன்படுத்தாதது மக்கள் குறை என்பார்கள். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் பதிந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. வாங்கியவர் தம் ஊரிலேயே வழக்குப் போடலாம். இலங்கைக்கு இப்படி ஒன்று அவசரமாகத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 900 ரூபாய்ச் சேலைக்காக எத்தனை பேர் ஆணையத்தின் படி ஏறுவார்கள்? சட்டத்தில் இந்தியா முன்னால் நிற்கிறது. தொலைந்த பொருளுக்கு வாங்குபவரைக் காப்பதில் இலங்கையின் வாடிக்கை முன்னால் நிற்கிறது.

சிங்கப்பூரில் நிலவுவது நடுவழி. ஜாலான் புசார் பக்கத்துச் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்படும்வரை பழைய பொருள் கைக்குக் கை மாறியது, சுமப்பவர் என்ற மூன்றாமவரே இல்லை. இன்று ஷாப்பி போன்ற தளங்கள் பொருள் சேரும்வரை பணத்தைத் தாமே பிடித்து வைக்கின்றன. தகராறு முற்றினால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் உண்டு: 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல். ஆனால் நடுவில் பணத்தை வைத்திருப்பவரும் விழலாம். கியூ10 தளம் வணிகர்களுக்குச் சேர வேண்டியதைத் தராமல் இழுத்தடித்து, 2024 செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய வாரியம் அதன் பணப் பட்டுவாடாச் சேவையை நிறுத்தச் சொல்ல நேர்ந்தது. ஆக, பணத்தை நடுவில் நிறுத்தினால் மட்டும் போதாது. பணம் கொடுப்பதற்கும் பெட்டியைத் திறப்பதற்கும் இடையிலுள்ள இடைவெளியை மூட வேண்டும். ஃபிளிப்கார்ட் சில பொருள்களுக்குச் செய்வதுபோல, கொண்டுவந்தவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே வாங்கியவர் கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்வது இந்திய, இலங்கைக் கூரியர்களுக்கும் எட்டாத காரியமல்ல. நேரம் பிடிக்கும், கட்டணம் கூடும் என்பார்கள். கூடட்டும், விலையுயர்ந்த பொருளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையாவது கொடுக்கலாம்.

அதுவரை, கடல் கடந்து தருவிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பன்னாட்டு அஞ்சலில் தொலைந்த பொதிக்கு 6 மாதத்துக்குள் விசாரிக்க வேண்டும். இழப்பீட்டைக் கோரும் உரிமை முதலில் அனுப்பியவருக்கே. ஆகவே மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பணம் அனுப்புமுன், பார்சல் போட்டதும் பதிவு ரசீதின் படத்தை எடை தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள். தொலைந்தால் மனுப் போடுவதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.