மேலிருந்து தொங்கும் நாவல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் சுமார் 37 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, அதுவும் நெட்டுக்குத்தாக, பிரயாணம் போக ஒரு லிஃப்ட் கட்டினால் எப்படி இருக்கும்? ஆர்தர் சி. கிளார்க் 1979-இல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' என்ற நாவலின் விஷயம் இதுதான்.

யோசனை அவருடையதல்ல. ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, விண்ணை முட்டும் கோபுரம் ஒன்றை 1895-இல் ருஷ்யாவின் ஸியோல்கோவ்ஸ்கி கற்பனை செய்தார். 1960-இல் அர்த்ஸுதானோவ் என்ற பொறியாளர் அதைத் தலைகீழாக்கினார்: கீழிருந்து கட்ட வேண்டாம், மேலிருந்து தொங்கவிடலாம் என்றார். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் சுற்றும் துணைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும். அங்கிருந்து கீழே ஒரு கயிறு. அதற்கு ஈடாக அப்பால் ஓர் எடை. அவ்வளவுதான்.

ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருள். சுமக்கும் சரக்கு கொஞ்சம். கயிற்றில் மின்சாரத்தால் ஏறலாம். துணைக்கோளை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம். கயிற்றின் மேல்நுனியில் பிடியை விட்டால், கவண் கல்லைப் போல வேறு கிரகத்துக்கே போகலாம். அவ்வளவு உறுதியான கயிறுதான் இன்னும் கிடைக்கவில்லை.

கிளார்க் 1956 முதல் 2008-இல் காலமாகும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். லிஃப்டுக்காக அந்தத் தீவையே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்துவிட்டார். நாவலாசிரியனுக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை! சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் வருகின்றன.

பொறியாளர் மார்கனுக்கு மலையுச்சி வேண்டும். அங்கே பிக்ஷுக்களின் மடம் இருக்கிறது. கதையின் உயிர் இந்த மோதல்தான். கிளார்க் என்ன செய்கிறார்? பொன்னிறப் பட்டாம்பூச்சிகள் சிகரத்தை எட்டினால் மடம் முடியும் என்று ஒரு பழைய வாக்கு. ஒரு புயல் அவற்றை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிக்ஷுக்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். அழகான காட்சி, ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. நம் திண்டிவனம் சாலை நாலு வழியாக அகன்றபோது நிலம் கொடுத்தவர்களுக்குப் பட்டாம்பூச்சி வரவில்லை. நோட்டீஸ்தான் வந்தது.

பொறியாளர், ராஜதந்திரி, பிக்ஷு, பேராசிரியர் எல்லோரும் நினைவில் நிற்கிறார்கள். மலையடிவாரத்தில் குடியிருப்பவன் நிற்கவில்லை. செஞ்சிக்குப் போய் ராஜகிரியின் படிகளில் மூச்சு வாங்க ஏறுகிறவனுக்கு, கட்டுவித்த ராஜாவைவிட, இந்தக் கல்லை யார் தூக்கினார்கள் என்ற நினைப்புத்தான் முதலில் வரும்.

மார்கனின் கயிறு மேலிருந்து தொங்குவது. தன் பாரத்தைப் பூமியின்மேல் வைப்பதில்லை. விஞ்ஞானத்துக்கு அது பெருமை. நாவலும் அப்படியே தொங்குகிறது என்பதுதான் என் குறை. இருந்தாலும் படியுங்கள். கடைசியில் மேலே சிக்கிக்கொண்டவர்களுக்குப் பிராணவாயு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பலவீனமான இருதயத்தோடு மார்கன் தனியாக இறங்குகிறாரே, அந்த இடத்தில் மட்டும் நாவலுக்கும் மனிதப் பாரம் வந்துவிடுகிறது.