முதலாம் திகதி வாடகை: ‘சைபர்பங்க் ரெட்’ விதிநூலின் கணக்குப் பக்கங்கள் குறித்து

இந்தப் பக்கங்களில் நாவல்கள், கவிதைத் தொகுதிகள், திரைப்படங்கள் எல்லாம் விமர்சனத்துக்கு உள்ளாகியிருக்கின்றன. பகடை உருட்டி ஆடும் ஒரு விளையாட்டின் விதிநூலை அந்த வரிசையில் வைப்பது சில நண்பர்களுக்கு வேடிக்கையாகப் படலாம். பொருளியல் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் மாணவர்களிடம் நான் ஒன்றை அடிக்கடி சொல்வதுண்டு: ஒரு கதையில் நாயகன் என்ன பேசுகிறான் என்று பார்ப்பதற்கு முன், அவன் இருக்கும் வீட்டுக்கு யார் வாடகை கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான பிரதிகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடும். நான் இங்கு எடுத்துக்கொள்ளும் பிரதி நழுவவில்லை. வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஒரு கையை வெட்டிவிட்டு இயந்திரக் கை பூட்டுவதற்கு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அது விலை எழுதி வைத்திருக்கிறது. அதன் அரசியலை விவாதிக்க அந்த விலைப்பட்டியலே போதும்.

அமெரிக்கரான மைக் பொண்ட்ஸ்மித் 1988இல் ‘சைபர்பங்க்’ என்ற பெயரில் இந்த விளையாட்டை வெளியிட்டார். 1990இல் ‘சைபர்பங்க் 2020’ வந்தது. நான் வாசித்தது 2020இல் வெளியான ‘சைபர்பங்க் ரெட்’. தொழிற்சாலையில் என்னோடு பொதி கட்டும் பகுதியில் நிற்கும் ஓர் இளைஞன் தந்த புத்தகம். அவனும் அவனது நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறார்கள். சில ஞாயிறுகள் நானும் கூட இருந்து ஆடினேன்.

கணினித் திரை எதுவும் இதற்குத் தேவையில்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் உலகத்தையும் சம்பவங்களையும் சொல்லி ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒரு தாளில் அதன் திறன்களையும் காயங்களையும் கையிருப்பையும் எழுதி வைத்து, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். களம் நைற் சிற்றி என்ற கற்பனை நகரம். பெரும் கொம்பனிகள் சொந்தப் படைகளை வைத்துக்கொண்டு தங்களுக்குள் நடத்திய போரில், கதையின்படி 2023இல், நகரத்தின் மையம் அணுகுண்டால் அழிகிறது. நாம் ஆடுவது 2045இல், அந்த இடிபாடுகளுக்கு இடையில்.

பாத்திரங்களின் தோரணை முழுக்கக் கலகம். கொம்பனிகளின் கணினி வலைக்குள் புகுந்து களவெடுப்பவர், மேடையில் பாடிக் கூட்டத்தைக் கிளப்பி விடுபவர், கூலிக்குத் துப்பாக்கி தூக்குபவர். ஆனால் மாதம் பிறந்ததும் இவர்கள் எல்லோரும் தலைகுனிந்து ஒரு காரியம் செய்கிறார்கள். வாடகை கட்டுகிறார்கள்.

*

இந்த உலகின் நாணயம் யூரோபக். கீழே வரும் தொகைகள் எல்லாம் அந்த நாணயத்தில். ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க மட்டும் இடமுள்ள பெட்டி அறைக்கு மாதம் 500. சரக்குக் கொள்கலன் ஒன்றை வீடாக்கி இருப்பதற்கு 1000. ஓர் அறையுள்ள அடுக்குமாடி வீட்டுக்கு 1500. சாப்பாடும் சில்லறைச் செலவும் சேர்ந்து இன்னொரு கணக்கு. மிகக் கீழே இருப்பது ‘கிபிள்’. நாய்க்குப் போடுகிற உலர்தீனிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லையே மனிதரின் உணவுக்கும் வைத்திருக்கிறார்கள். அதற்கு மாதம் 100. பொதி செய்த மலிவு உணவுக்கு 300, அதில் நல்ல வகைக்கு 600. மண்ணில் விளைந்த புதிய உணவு வேண்டுமானால் 1500.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் ஆயுதப் பட்டியலை வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் கைத்துப்பாக்கி ஒன்றின் விலை 50. அதாவது ஒரு மாதம் நாய்த்தீனி தின்பதற்கு ஆகும் காசில் இரண்டு துப்பாக்கி வாங்கலாம். இராணுவப் பாணித் துப்பாக்கி 500. மூன்று பேருக்கு அதை வாங்கிக் கொடுக்கும் காசில் ஒருவர் ஒரு மாதத்துக்கு நல்ல மரக்கறி சாப்பிடலாம். சாவதற்கான பொருள் மலிந்தும் வாழ்வதற்கான பொருள் அருகியும் போன சமூகம் எப்படி இருக்கும் என்று பக்கம் பக்கமாக வர்ணிக்கும் நாவல்களை வாசித்திருக்கிறோம். இந்த நூல் இரண்டு எண்களில் அதைச் சொல்லிவிடுகிறது. அதற்காகவே பொண்ட்ஸ்மித்தையும் அவரது குழுவையும் மதிக்கிறேன்.

வருமானத்தின் பக்கம் இன்னும் கூர்மையானது. தரகர் ஒருவர் கொண்டுவரும் வேலையைக் குழுவாகச் செய்கிறார்கள். எளிய வேலைக்குத் தலைக்கு 500, வழமையான வேலைக்கு 1000, ஆபத்தானதற்கு 2000. ‘வழமையான’ வேலை என்பதும் துப்பாக்கிச் சூடு உள்ள வேலைதான். ஆட்டம் தொடங்கும்போது கொள்கலன் வாடகையும் கிபிளும் முதல் மாதத்துக்குக் கட்டப்பட்டிருக்கும். இரண்டாம் மாதம் அந்தக் கொள்கலனிலேயே இருந்து அந்தக் கிபிளையே தின்ன 1100 வேண்டும். உயிரைப் பணயம் வைத்து வழமையான வேலையொன்றை முடித்து வந்தவருக்கு 100 துண்டு விழும்.

அந்தத் துண்டை அடைக்கவும் விதி இருக்கிறது. ஓய்வான ஒரு வாரத்தைச் சில்லறைத் தொழிலுக்குக் கொடுத்துப் பகடையை உருட்டினால், தொழிலில் உங்களுக்குள்ள படிநிலையைப் பொறுத்துச் சில நூறு கிடைக்கலாம். 1990ஆம் ஆண்டின் பதிப்பில் ஒவ்வொரு தொழிலுக்கும் மாதச் சம்பள அட்டவணை ஒன்று இருந்தது. ‘ரெட்’ பதிப்பில் அந்த அட்டவணையின் இடத்துக்குத் துண்டுவேலையும் வாரப் பகடையும் வந்துவிட்டன. விதிநூலின் ஆசிரியர்கள் எந்தப் பொருளியல் நூலையும் புரட்டியிருக்கத் தேவையில்லை. இந்த முப்பது வருடங்களில் மேற்குலகின் உழைப்பு எந்தத் திசையில் போனது என்று சன்னலால் எட்டிப் பார்த்தாலே போதும். ஆள்திரட்டும் முகவர் நிலையங்களின் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

காசுக் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘மனிதத்தன்மை’ என்று ஓர் எண் உண்டு. பிறர் நிலையை உணரும் திறனைப் பத்தால் பெருக்கி இதைக் கணிக்கிறார்கள். உடலில் இயந்திர உறுப்பைப் பூட்டும்போதெல்லாம் அது குறையும். பூச்சியத்துக்குக் கீழே போனால் பாத்திரம் வெறிகொண்டு, ஆடுபவரின் கையை விட்டுப் போய்விடும். இயந்திரக் கை 500. அதற்கு இழக்கும் மனிதத்தன்மை இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை. இழந்ததை மீட்க உளச்சிகிச்சை உண்டு: ஒரு வாரம், 500. திரும்பக் கிடைப்பதும் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை.

அழிப்பதற்கு 500, மீட்பதற்கு 500. மனிதத்தன்மைக்கு ஒரு நாணயமாற்று வீதமே இங்கு வந்துவிடுகிறது. ஆனால் முழுதாக மீளாது. பூட்டிய ஒவ்வொரு உறுப்புக்கும் மனிதத்தன்மையின் உச்ச அளவு இரண்டு புள்ளி இறங்கிவிடும். சிகிச்சைக்கு உரிய காசைச் சேர்க்க இன்னொரு ஆபத்தான வேலைக்குப் போக வேண்டும்; அங்கே பிழைத்து வர இன்னொரு உறுப்பு வேண்டும். வேலைக்குத் தகுதியாகும்படி உடலைத் திருத்தி, அந்தத் திருத்தத்தின் செலவையும் உழைப்பவரின் தலையிலேயே கட்டும் இந்தச் சுற்றை இவ்வளவு தெளிவாகப் போட்டுக் காட்டிய பிரதிகள் குறைவு. நோயாலோ விபத்தாலோ இழந்த கைக்குப் பதிலாக வைக்கும் சாதாரண மருத்துவக் கை மனிதத்தன்மையைக் குறைப்பதில்லை என்றும் விதி சொல்கிறது. ஆகவே குற்றம் இயந்திரத்தில் இல்லை என்பது இந்நூலுக்குத் தெரிந்தே இருக்கிறது.

*

இனி என் முரண்பாடு. இவ்வளவு துல்லியமாகச் சுரண்டலைக் கணக்கெடுத்த நூல், அதிலிருந்து வெளியேறும் வழிகளை எங்கே வைத்திருக்கிறது? ஒன்று, ஆபத்தான வேலையை எடு, இரட்டிப்புக் காசு. இரண்டு, பேரம் பேசு. ஆனால் பேரம் இங்கு தரகர் என்ற பாத்திரத்தின் தனிப்பட்ட சாமர்த்தியம். அவர் பகடை உருட்டி வென்றால் தொகை கூடும். உயிரைக் கொடுப்பவர்கள் ஒன்றாக நின்று ‘இந்தத் தொகைக்கு வரமாட்டோம்’ என்று சொல்வதற்கு ஒரு பகடையும் இல்லை. மூன்று, கொம்பனி அதிகாரியாகு. அந்தப் பாத்திரம் படியேறும்போது வீட்டைக் கொம்பனியே கொடுக்கும். மாதம் 500 கட்டவேண்டிய அவசர மருத்துவக் காப்புறுதியையும் அதுவே கட்டும். கலகக்காரர்களின் விளையாட்டில் நிம்மதியாக உறங்குவதற்கு உத்தரவாதம் எதிரியின் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறது.

பொதுவுடைமையின் சாயல் ஒரேயோர் இடத்தில் தெரிகிறது. நாடோடிக் குடும்பத்தைச் சேர்ந்த பாத்திரம், தன் படிநிலைக்கேற்பக் குடும்பத்தின் பொது வாகனங்களை எடுத்து ஓடலாம். உறவினால் கிடைக்கும் பங்கு அது. இந்த விதியை ஏனைய பாத்திரங்களுக்கும் விரித்திருந்தால் வேறொரு விளையாட்டாகியிருக்கும்.

விதியில் இல்லாததை ஆடுபவர்கள் தாங்களே கொண்டுவரலாமே, அதுதானே இவ்வகை ஆட்டத்தின் சுதந்திரம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கொண்டுவரலாம். ஆனால் எதற்கு எண் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதுவே மேசையில் பேசப்படுகிறது. நான் ஆடிய ஞாயிறுகளில் துப்பாக்கியின் விலைக்காக அரைமணி நேரம் வாதாடினார்கள். வேலையை மறுப்பது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எண் இல்லாமல் விடப்பட்ட இன்னொன்று எனக்கு அதிகம் உறுத்தியது. பாத்திரத்தை உருவாக்கும்போது பகடை உருட்டி அதற்கு ஒரு கடந்தகாலம் எழுதுகிறார்கள். எந்தக் குடும்பம், அதற்கு நேர்ந்த அனர்த்தம் என்ன, நண்பர்கள், எதிரிகள், முறிந்த காதல் எல்லாம் உண்டு. ஆனால் செலவுப் பத்தியில் இவர்களில் ஒருவருக்கும் இடமில்லை. சம்பாதித்தது முழுவதும் சம்பாதித்தவரின் வயிற்றுக்கும் கூரைக்கும் உடலுக்கும் ஆயுதத்துக்கும். யாருக்கும் மாதாமாதம் காசு அனுப்பாத ஏழை என்பது என் அனுபவத்தில் அபூர்வமான பிறவி.

அந்த இளைஞனிடம் இதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு உறவைத் தெரிவு செய்து, மாதம் 200 அனுப்ப வேண்டும் என்று தாளில் ஒரு வரி சேர்த்து ஆடினார்கள். இரண்டு விடயங்கள் நடந்தன. ஒருவர் மறுபேச்சில்லாமல் 2000 வேலைக்கு ஓடிப்போய்ச் செத்தார். மற்ற இருவர் முதல் தடவையாக ஒருவரின் கணக்கை மற்றவர் கேட்டு, ஒரே கொள்கலனில் இருந்து வாடகையைப் பங்கிட்டார்கள்.

அவசரப்பட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மகிழ நான் தயாரில்லை. மற்றவர்களுக்காக எழுதப்படும் அந்த வரி நம்மை மனிதராக வைத்திருக்கிறது என்று நாம் மேடைகளில் சொல்லி வருகிறோம். எந்த இரவு வேலையையும், எந்தக் குறைந்த கூலியையும் மறுக்க முடியாதவர்களாக நம்மை ஆக்கி வைத்திருப்பதும் அதே வரிதான் என்று எழுதியவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. முதலாளிக்கு அந்த வரியைப் பற்றி நன்றாகத் தெரியும். அனுப்பும் கடமையைத் தனித்தனியே சுமப்பவர் ஆபத்தான வேலைக்குப் போகிறார். கணக்கை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்களுக்கே மறுப்பது பற்றிப் பேச அவகாசம் கிடைக்கிறது. புலம்பெயர்ந்த நம் சங்கங்கள், விழாக்களுக்கு மண்டபம் எடுக்கும் அக்கறையில் ஒரு பங்கையாவது இந்தக் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்ப்பதில் காட்டியிருக்கின்றனவா? இதற்கு மறுப்பு எழுதக்கூடிய நண்பர்கள் அடுத்த இதழில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.